தூங்கும் போர்டில் விழித்திருப்பது எது?

ராஸ்ப்பெரி பை 5 என்ற சிறு கணினி போர்டு 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு முறைப்படி ‘ஷட்டவுன்’ கட்டளை கொடுத்தால் திரை இருளும்; லினக்ஸ் தன் வேலைகளை மூட்டை கட்டும்; பச்சை விளக்கு மாறிச் சிவப்பு எரியும். அணைத்தாயிற்று என்று நாம் எழுந்து போய்விடுவோம். ஆனால் மின்சாரம் வரும் கம்பியில் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தால், அணைந்த அந்தப் போர்டு 1.2 முதல் 1.6 வாட் வரை இழுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

சுவர் பிளக்கில் செருகியிருக்கும்வரை இது பெரிய தொகை இல்லை. ஆண்டு முழுக்க அப்படியே விட்டாலும் 12 யூனிட் சொச்சம்தான். அதே போர்டை 10,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இணைத்தால் நிலைமை வேறு. அந்த பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 37 வாட்-மணி. ஒரு வேலையும் செய்யாமல், ‘அணைந்த’ நிலையிலேயே இருபத்தாறு மணி நேரத்தில் அது காலியாகிவிடும்.

இதற்கான தீர்வு ஒரே வரிதான். போர்டைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் அமைப்புகளில் ‘பவர் ஆஃப் ஆன் ஹால்ட்’ என்ற மதிப்பை 0 என்பதிலிருந்து 1 ஆக்கினால், அணைந்த நிலையில் அது இழுக்கும் மின்சாரம் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. காகிதக் கணக்குப்படி அதே பேட்டரி ஐந்து மாதம் தாங்கும்.

அப்படியானால் தொழிற்சாலையிலேயே 1 என்று வைத்து அனுப்பியிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். ராஸ்ப்பெரி பையின் தலையில் ‘ஹேட்’ எனப்படும் துணைப் போர்டுகளைப் பொருத்துவது வழக்கம். அவற்றுக்கு 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரண்டு மின்னழுத்தங்கள் போகின்றன. மேலே சொன்ன மாற்றத்தைச் செய்தால், அணைக்கும்போது 3.3 வோல்ட் நின்றுவிடும். 5 வோல்ட் மட்டும் தொடரும். இந்த அரைகுறை நிலையைச் சில துணைப் போர்டுகள் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராதது வந்தால் தாறுமாறாக நடந்துகொள்ளும். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை என்று மின்சாரத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

எம்பெடட் எனப்படும் உட்பொதி கணினிகளின் தூக்கத்தைப் பற்றிய முக்கியமான பாடம் இந்த ஒரு வரி மாற்றத்திலேயே இருக்கிறது. ஒரு போர்டைத் தூங்கவைப்பது கட்டளையில் முடிந்துவிடும். அது தூங்கும்போது எந்தெந்த உறுப்பு விழித்திருக்க வேண்டும், எது எதை நினைவில் வைத்திருக்க வேண்டும், யார் வந்து எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை.

இரண்டு வகைச் செலவு

ஒரு சில்லு எதற்காக மின்சாரம் செலவழிக்கிறது? முதல் காரணம், அது மாறிக்கொண்டே இருப்பது. உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் 0, 1 என்று நிலை மாறும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய மின்தேக்கிகள் நிரம்பிக் காலியாகின்றன. இந்தச் செலவு, எத்தனை முறை மாறுகிறது என்பதற்கும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்துக்கும் ஏற்பக் கூடும். 3.3 வோல்ட்டில் ஓடுவதை 1.8 வோல்ட்டில் ஓட்டினால் அதே வேலைக்கு முப்பது விழுக்காடு ஆற்றல் போதும். துடிப்பை நிறுத்தினால் இந்தச் செலவு அப்படியே நின்றுவிடும். சில்லின் ஒரு பகுதிக்குப் போகும் கடிகாரத் துடிப்பை மட்டும் வெட்டிவிடுவது தூக்கத்தின் முதல் படி.

இரண்டாவது காரணம் கசிவு. மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் முழுவதாக மூடியிருப்பதில்லை. ஒன்றில் கசிவது கணக்கிலேயே வராது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் வரும். துடிப்பு நின்றாலும் கசிவு நிற்காது. அதை நிறுத்த ஒரே வழி, அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிப்பது. துண்டித்தால் அந்தப் பகுதி தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் மறந்துவிடும்.

கசிவு வெப்பத்தோடு சேர்ந்து வளரும். பத்து டிகிரி கூடினால் தோராயமாக இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. சில்லின் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்கள் 25 டிகிரியில் அளந்தவை. வெயிலில் வைத்த மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால், அதே சில்லின் கசிவு எட்டு மடங்காகலாம்.

ஆக, ஆழ்ந்த தூக்கம் என்பது மறதியை விலையாகக் கொடுத்து வாங்கும் சேமிப்பு. எவ்வளவு மறக்கத் தயார் என்பதைப் பொறுத்துத் தூக்கத்தின் ஆழம் அமையும்.

படிப்படியாக இறங்குதல்

எஸ்.டி.எம்.32 வரிசையில் எல்476 என்ற மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியை, எடுத்துக்கொள்வோம். ஓடும்போது ஒரு மெகாஹெர்ட்சுக்கு சுமார் 100 மைக்ரோ ஆம்பியர் என்ற விகிதத்தில் அது செலவழிக்கிறது. முழு வேகமான 80 மெகாஹெர்ட்சில் கிட்டத்தட்ட 8 மில்லி ஆம்பியர்.

அதற்குக் கீழே ‘ஸ்டாப் 2’ என்ற நிலை. துடிப்புகள் நின்றுவிடும், நினைவகம் மட்டும் அப்படியே காக்கப்படும். செலவு 1.1 மைக்ரோ ஆம்பியர். நேரத்தை எண்ணும் சிறு கடிகாரத்தையும் ஓடவிட்டால் 1.4. எழுப்பினால் சில மைக்ரோ விநாடிகளில், விட்ட வரியிலிருந்தே நிரல் தொடரும்.

அதற்கும் கீழே ‘ஸ்டாண்ட்பை’. இங்கே பிரதான நினைவகம் போய்விடும். செலவு 0.12 மைக்ரோ ஆம்பியர். எழும்போது நிரல் முதல் வரியிலிருந்து தொடங்கும். தூங்கப் போகும் முன் குறித்து வைக்க 128 பைட் கொண்ட ஒரு சிறு மூலை மட்டும் உண்டு.

எல்லாவற்றுக்கும் அடியில் ‘ஷட்டவுன்’. வெறும் 30 நானோ ஆம்பியர். இந்த நிலையில் மின்னழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிகிறதா என்று பார்க்கும் காவல் சுற்றுகூட நிறுத்தப்படுகிறது. மற்ற நிலைகளில் பேட்டரி தடுமாறினால் சில்லு தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை.

8 மில்லி ஆம்பியர் எங்கே, 30 நானோ ஆம்பியர் எங்கே? இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு. கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் இருக்கும் சி.ஆர்.2032 நாணய பேட்டரியில் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிறது. 30 நானோ ஆம்பியர் என்று வகுத்துப் பார்த்தால் 850 ஆண்டு வரும். அந்தக் கணக்கை நம்பி யாரும் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து எழுதிவைக்க வேண்டாம். இந்த பேட்டரி சும்மா வைத்திருந்தாலே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தானாகக் கரையும். அதை மின்னோட்டமாக மாற்றினால் 0.26 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. சில்லு எடுப்பதைவிட பேட்டரி தன்னையே தின்பது எட்டு மடங்கு அதிகம். அந்த எல்லைக்குக் கீழே சில்லை இன்னும் ஆழமாகத் தூங்கவைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

இந்த உலகத்தின் அளவுகோல் எவ்வளவு வேறு என்பதற்கு இன்னொரு ஒப்பீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று, அணைந்த நிலையில் வீட்டுச் சாதனங்கள் எடுக்கும் மின்சாரத்துக்கு 2010-இல் 1 வாட் என்றும், 2013-இல் 0.5 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு 0.5 வாட் சிக்கனம். நாணய பேட்டரியால் அந்த 0.5 வாட்டைக் கொடுக்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

அலாரமா, காதா?

தூங்கவைத்தாயிற்று. யார் எழுப்புவது? இதற்கு அடிப்படையில் இரண்டே வழிகள். ஒன்று, நேரம் வந்ததும் எழுப்பும் அலாரம். மற்றொன்று, வெளியிலிருந்து ஏதாவது நடந்தால் கேட்டு எழுப்பும் காது.

இந்த இரண்டு வழிகளையும் பெரிய அளவில் பார்க்க விண்வெளிக்குப் போகலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசெட்டா விண்கலம் ஒரு வால்மீனை நோக்கிச் சென்றது. சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 80 கோடி கிலோமீட்டர் தொலைவு வரை போக வேண்டியிருந்தது. அங்கே சூரியத் தகடுகளுக்குக் கிடைக்கும் வெளிச்சம் எல்லாக் கருவிகளையும் ஓட்டப் போதாது. எனவே 2011 ஜூன் 8 அன்று அதை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார்கள். கணினியும் உறைந்துபோகாமல் காக்கும் சில வெப்பமூட்டிகளும் மட்டும் ஓடின. வானொலி முழுவதாக அணைந்தது. பூமியிலிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. 957 நாள் கழித்து, 2014 ஜனவரி 20 அன்று உள்ளிருந்த அலாரம் அடித்தது. விண்கலம் எழுந்து தன்னைச் சூடேற்றிக்கொண்டு பூமிக்குச் செய்தி அனுப்பியது. முழு நம்பிக்கையும் அலாரத்தின் மீது.

சந்திரயான்-3 எடுத்த வழி வேறு. 2023 செப்டம்பர் 2 அன்று பிரக்யான் ஊர்தியையும், 4 அன்று விக்ரம் தரையிறங்கியையும் இஸ்ரோ தூக்க நிலைக்கு அனுப்பியது. ஆய்வுக் கருவிகள் நிறுத்தப்பட்டன; ரிசீவர்கள் மட்டும் ஓடவிடப்பட்டன. நிலவில் மீண்டும் விடிந்து, தகடுகளில் வெயில் பட்டு, பூமி கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று காதைத் திறந்துவைத்த தூக்கம் அது. செப்டம்பர் 22 அன்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. ஒரு நிலவுப் பகலுக்காக, அதாவது பூமிக் கணக்கில் 14 நாளுக்காக வடிவமைத்த கலன்கள் அவை. நிலவின் இரவுக் குளிரைத் தாங்குவது திட்டத்திலேயே இல்லை. எழுந்தால் கூடுதல் லாபம் என்ற முயற்சி. எவ்வளவு கவனமாகத் தூங்கவைத்தாலும், விழித்திருக்க வேண்டிய உறுப்பு உயிரோடு இருந்தால்தான் எழுப்ப முடியும் என்பதை அது காட்டியது.

மேசை மேல் இருக்கும் போர்டிலும் இதே தேர்வுதான். அலாரம் மலிவு. நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு குவார்ட்ஸ் படிகம் ஒன்று போதும். 2-ஐப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி. நாளொன்றுக்கு இரண்டு நொடிக்குள் பிசகும் படிகங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. படிகத்தின் விலையை மிச்சம் பிடிக்கச் சில்லுக்குள்ளேயே இருக்கும் ஆர்.சி. ஆஸிலேட்டரை நம்பினால், அது வெப்பத்தோடு சேர்ந்து ஓடும். ஒரு விழுக்காடு தவறினாலே நாளொன்றுக்கு 14 நிமிடம்.

காது எவ்வளவு விலை என்பது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. கதவில் பொருத்திய காந்த ஸ்விட்ச் ஒன்றின் நிலை மாறுகிறதா என்று பார்க்க ஒரு பின் போதும். செலவு ஏறத்தாழ இல்லை. வானொலி அலையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் ரிசீவர் முழுதாக ஓட வேண்டும். பல மில்லி ஆம்பியர் போகும். அதனால்தான் லோரா-வான் போன்ற நெட்வொர்க்குகளில் ‘கிளாஸ் ஏ’ என்ற ஏற்பாடு வந்தது. சாதனம் தானாக எழுந்து ஒரு செய்தியை அனுப்பும். அனுப்பிய பிறகு இரண்டு குறுகிய இடைவெளிகளில் மட்டும் காதைத் திறக்கும். மற்ற நேரமெல்லாம் செவிடு. மையத்தில் இருப்பவர் ஏதாவது சொல்ல விரும்பினால் அது பேசும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தூங்குபவரின் வசதிக்கேற்ப உரையாடலின் விதியையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஓர் ஏற்பாடும் பரவிவருகிறது. இ.எஸ்.பி.32 சில்லில் பிரதான செயலிகளோடு மிகச் சிக்கனமான குட்டிச் செயலி ஒன்றும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் தூங்க, வாசலில் ஒரு காவல்காரர் மட்டும் சுற்றிவருவதைப் போல, அது அவ்வப்போது சென்சாரைப் படித்துப் பார்க்கும். அளவு எல்லைக்குள் இருந்தால் யாரையும் தொந்தரவு செய்யாது. தாண்டினால் மட்டும் பெரியவரை எழுப்பும்.

பேட்டரியைக் காலி செய்வது யார்?

இனி ஒரு கணக்கு. இ.எஸ்.பி.32 சில்லை வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெப்பநிலையை அளந்து வைஃபை வழியே அனுப்பும் கருவி ஒன்றைக் கட்டுகிறோம். பேட்டரி 2,000 மில்லி ஆம்பியர்-மணி. ஒருமுறை எழுந்து வேலையை முடிக்க 3 நொடி. அப்போது சராசரியாக 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்குப் பரப்பினால் சராசரி 0.33 மில்லி ஆம்பியர். டேட்டாஷீட்டின்படி ஆழ்ந்த தூக்கத்தில் சில்லு எடுப்பது 10 மைக்ரோ ஆம்பியர், அதாவது 0.01 மில்லி ஆம்பியர். கூட்டினால் 0.34. பேட்டரி 240 நாள் தாங்க வேண்டும்.

கடையில் வாங்கிய டெவலப்மெண்ட் போர்டில் இதே நிரலை ஏற்றினால் இரண்டு வாரத்தில் பேட்டரி காலியாகலாம். சில்லு நன்றாகத்தான் தூங்குகிறது. அதன் அண்டை வீட்டார் தூங்கவில்லை. பல மலிவுப் போர்டுகளில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்க ஏ.எம்.எஸ்.1117 என்ற ரெகுலேட்டரைப் பொருத்துகிறார்கள். எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும், தான் உயிரோடு இருப்பதற்காக மட்டும் அது 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். தூங்கும் சில்லைப் போல 500 மடங்கு. இதைச் சேர்த்தால் 240 நாள் 16 நாளாகச் சுருங்கிவிடுகிறது. மின்சாரம் வருகிறது என்று காட்டும் சிவப்பு எல்.இ.டி. ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும். யூ.எஸ்.பி. இணைப்புக்கான சில்லு தனிக் கணக்கு. அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா328பி சில்லு தூக்கத்தில் 0.1 மைக்ரோ ஆம்பியரில் பிழைக்கக்கூடியது. அது உட்கார்ந்திருக்கும் போர்டு பத்துக்கணக்கான மில்லி ஆம்பியர் கேட்கிறது.

இவை கண்ணுக்குத் தெரியும் குற்றவாளிகள். தெரியாதவர்களும் உண்டு. பேட்டரியின் அளவைப் பார்க்க 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக வைப்பது வழக்கம். பார்க்காத நேரத்திலும் அவற்றின் வழியே 21 மைக்ரோ ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். தூங்கும் சில்லைப் போல இரண்டு மடங்கு. ஒரு பின்னை 10 கிலோ ஓம் மின்தடை மேலே இழுத்துக்கொண்டிருக்க, தூங்கும் முன் நிரல் அதே பின்னை 0-இல் விட்டுவிட்டுப் போனால், இரவு முழுக்க 330 மைக்ரோ ஆம்பியர் நட்டம். எந்தப் பக்கமும் கட்டாமல் மிதக்கவிட்ட உள்ளீட்டுப் பின் இன்னொரு வில்லன். மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவே தொங்கும்போது, உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே சமயம் பாதி திறந்து, மின்சாரம் நேராகத் தரைக்கு ஓடும்.

எல்லாவற்றிலும் விநோதமானது, துண்டித்த பிறகும் சாகாத சென்சார். அதன் மின்கம்பியை வெட்டிவிட்டோம். ஆனால் அதோடு பேசும் தரவுக் கம்பி இன்னும் 3.3 வோல்ட்டில் நிற்கிறது. சென்சாரின் நுழைவாயிலில் பாதுகாப்புக்காக வைத்த டையோடு வழியே அந்த மின்சாரம் உள்ளே புகுந்து, அதை அரைஉயிராக ஓடவைக்கும். சேமிப்பும் இல்லை, மறுமுறை எழுப்பும்போது சரியான ரீசெட்டும் நடக்காது. சென்சாரின் மின்சாரத்தை நிறுத்தும் முன் அதன் தரவுப் பின்களையும் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தத் துறையில் பலரும் பட்டுத் தெரிந்துகொண்ட விதி.

லினக்ஸ் தூங்கும் விதம்

சிறிய மைக்ரோகண்ட்ரோலரில் நிரல் ஒன்றுதான்; அது தூங்கலாம் என்றால் தூங்கிவிடும். லினக்ஸ் ஓடும் போர்டில் நூற்றுக்கணக்கான நிரல்களும் பல டஜன் டிரைவர்களும் இருக்கும். நினைவகத்தை மட்டும் காத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தும் ‘சஸ்பெண்ட் டு ரேம்’ நிலைக்குப் போவது அங்கே ஒரு கூட்டு நடவடிக்கை.

‘சிஸ்’ கோப்பமைப்பில் ‘பவர்’ என்ற அடைவில் உள்ள ‘ஸ்டேட்’ கோப்பில் ‘மெம்’ என்று எழுதினால் அது தொடங்கும். முதலில் பயனரின் நிரல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே உறையவைக்கப்படும். அடுத்து ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் தன் சாதனத்தை ஒடுக்க வேண்டும். இதில் வரிசை உண்டு: பிள்ளை முதலில், பெற்றோர் பிறகு. யூ.எஸ்.பி. கேமரா ஒடுங்கும் முன் அது தொங்கும் யூ.எஸ்.பி. வழித்தடத்தை நிறுத்திவிட்டால் கேமராவிடம் எதையும் சொல்ல முடியாது. வரிசையில் ஒரே ஒரு டிரைவர் ‘என்னால் முடியாது’ என்று பிழை திருப்பினால் போதும். அதுவரை படுத்தவர்கள் எல்லோரும் மீண்டும் எழுந்துவிடுவார்கள். லினக்ஸ் போர்டு தூங்க மறுக்கிறது என்ற புகார்களில் பல இப்படி ஒற்றை டிரைவரில் போய் முடிகின்றன.

பிறகு வருவது நினைவகம். போர்டின் டிரேம் நினைவகம் ஒவ்வொரு பிட்டையும் ஒரு குட்டி மின்தேக்கியில் வைத்திருக்கிறது. அது கசியும். வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் தரவு அழியும். இயங்கும்போது செயலி பக்கத்தில் உள்ள கட்டுப்படுத்தி இந்த வேலையைச் செய்கிறது. அது தூங்கப் போகும்போது பொறுப்பு டிரேம் சில்லிடமே ஒப்படைக்கப்படுகிறது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலை அது.

இங்கே ஒரு புதிர். டிரேம் அந்த நிலைக்குப் போய்விட்டால் அதிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது. செயலி இயக்கிக்கொண்டிருக்கும் நிரலும் டிரேமில்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் கிளையை எப்படி வெட்டுவது? அதற்காகவே செயலிச் சில்லுக்குள் இருக்கும் சிறிய எஸ்ரேம் நினைவகத்தில் சில கிலோபைட் நிரலை முன்கூட்டியே பெயர்த்துவைக்கிறார்கள். டிரேமை உறங்கவைப்பது, கடைசி மின்சாரங்களை இறக்குவது, விழிக்கும்போது அதே வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்வது எல்லாம் அந்தச் சிறு துண்டின் பொறுப்பு. பீகிள்போன் பிளாக் போர்டில் உள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஏ.எம்.335எக்ஸ் சில்லில் இதற்கென்றே கார்டெக்ஸ்-எம்3 என்ற தனிச் செயலி ஒன்றும் உண்டு. பெரிய செயலி ‘காத்திருக்கிறேன்’ என்ற கட்டளையோடு நின்றதும், எம்3 முன்வந்து அதன் மின்சாரத்தை நிறுத்தும். எழுப்பும் சைகை வந்தால் மீண்டும் கொடுக்கும். இங்கேயும் தூக்கம் என்பது பொறுப்பைச் சிறியவர் ஒருவரிடம் கைமாற்றுவதுதான்.

யாரெல்லாம் எழுப்பலாம் என்ற பட்டியலும் நம் கையில் இருக்கிறது. லினக்ஸில் எழுப்பும் திறன் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ‘வேக்கப்’ என்ற கோப்பு ஒன்று உண்டு. அதில் அனுமதி இல்லாவிட்டால் அந்தச் சாதனம் எவ்வளவு கத்தினாலும் போர்டு எழாது. அனுமதி தாராளமாக இருந்தால், நெட்வொர்க்கில் யாரோ அனுப்பிய பாக்கெட்டுக்கும் மேசை அதிர்ந்து நகர்ந்த மவுஸுக்கும் நள்ளிரவில் எழுந்து உட்காரும்.

அளப்பதே ஒரு கலை

இவ்வளவும் செய்த பிறகு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் போதாதா? இ.எஸ்.பி.32 தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர். வைஃபையில் உரக்கப் பேசும்போது 240 மில்லி ஆம்பியர். 24,000 மடங்கு. மைக்ரோ ஆம்பியர் வரம்பில் மல்டிமீட்டர் தன்னுள் 100 ஓம் போன்ற மின்தடை ஒன்றை வைத்து அதில் விழும் மின்னழுத்தத்தை அளக்கிறது. தூங்கும்போது அது ஒரு மில்லிவோல்ட், பரவாயில்லை. சில்லு விழித்து 240 மில்லி ஆம்பியர் கேட்டால் அந்த மின்தடையில் மட்டும் 24 வோல்ட் விழ வேண்டும். பேட்டரியில் இருப்பதே மூன்று நான்கு வோல்ட். எழுந்த கணமே சில்லு மூச்சுத் திணறி ரீசெட் ஆகும், மீண்டும் எழும், மீண்டும் சாயும். வரம்பைத் தானாக, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மாற்றிக்கொள்ளும் கருவிகள் இதற்கென்றே வந்திருக்கின்றன. நார்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 அவற்றில் ஒன்று. 200 நானோ ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை அளக்கும்.

அளக்கும்போது, நிரலின் பிழைகளைத் தேட இணைக்கும் டீபக்கரைக் கழற்றிவிட வேண்டும். அது இணைந்திருக்கும்வரை பல சில்லுகள் தூங்குவதுபோல் நடிக்கும். வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று உள்பகுதிகளை விழிப்பிலேயே வைத்திருக்கும். திரையில் எல்லாம் சரி. மீட்டரில் மட்டும் மில்லி ஆம்பியர்.

எங்கே நிறுத்துவது

240 நாள் கணக்குக்குத் திரும்புவோம். ரெகுலேட்டரை மாற்றி, எல்.இ.டி.யைப் பிய்த்து, பின்களைச் சரிசெய்து 10 மைக்ரோ ஆம்பியருக்குக் கொண்டுவந்தாயிற்று. மேலும் பாடுபட்டு அதை 1 மைக்ரோ ஆம்பியர் ஆக்கினால்? சராசரி 0.34-இலிருந்து 0.33 ஆகும். ஆறேழு நாள் கூடும்; அவ்வளவுதான். செலவு இப்போது தூக்கத்தில் இல்லை, விழிப்பில் இருக்கிறது. 3 நொடி விழிப்பை 1 நொடியாக்கினால் அதே பேட்டரி ஒன்றே முக்கால் ஆண்டைத் தாண்டும். அளவுகளைச் சேமித்துவைத்து மணிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் இன்னும் நீளும்.

விழிப்புக்கு உச்சவரம்பும் வேண்டும். வைஃபை ரூட்டர் அணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக் கிடைக்கும்வரை விடாமல் முயன்றுகொண்டிரு என்று நிரலில் எழுதியிருந்தால், கருவி 100 மில்லி ஆம்பியரில் இரவெல்லாம் கதவைத் தட்டும். எட்டு மாதம் வர வேண்டிய பேட்டரி இருபது மணி நேரத்தில் தீரும். பத்து நொடி பார்த்துவிட்டுத் தூங்கு, அடுத்த முறை இரண்டு மடங்கு தாமதித்து எழு என்ற இரண்டு வரிகள், விலை உயர்ந்த சில்லைவிடப் பெரிய சேமிப்பைத் தரும்.

அதனால் போர்டைத் தூங்கவைக்க உட்காருபவர் முதலில் திறக்க வேண்டியது டேட்டாஷீட்டின் தூக்க நிலைகள் பக்கத்தை அல்ல. ஒரு தாளில் போர்டில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் எழுதி, எதிரே மூன்று கேள்விகளுக்குப் பதில் குறிக்கலாம்: தூக்கத்தில் இது விழித்திருக்க வேண்டுமா, எதற்காக, எவ்வளவு எடுக்கும்? ‘எதற்காக’ என்ற கட்டம் காலியாக இருக்கும் வரிகளில்தான் பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது. அவற்றை வெட்டிய பிறகு, மிஞ்சும் வரிகளைக் கூட்டினால் எந்தத் தூக்க நிலை வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது டேட்டாஷீட்டில் இருக்கும் மிக ஆழமான நிலையாக இருக்காது. அதற்கு ஒரு படி மேலே, எழ வேண்டிய நேரத்தில் தவறாமல் எழும் நிலையாக இருக்கும்.